132 பாட்டில், ஒரு பேரேடு: செல்லர்ட்ராக்கரோடு ஆறு வருடம்

2019 ஜனவரி 24 அன்று அடிலெய்டில் வெயில் 46.6 டிகிரி. அன்றைக்கு எனக்கு மருந்தகத்தில் மதிய வேலை. தடுப்பூசி வைத்திருக்கும் ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று மணிக்கொரு தரம் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். இரவு வீட்டுக்கு வந்து மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்தபோதுதான் சுருக்கென்றது. சூடு ஆகாத பொருள் இங்கேயும் நிறைய இருக்கிறதே! தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து உள்ளே வைத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன். 29.

ஒயினை நீண்ட நாள் வைக்க நல்ல சூடு 12 முதல் 14 டிகிரி. 29 என்பது ஒரு நாள் இரண்டு நாளில் ஒயினைக் கெடுத்துவிடாது, ஆனால் கோடைதோறும் இப்படியென்றால் வயதை வேகமாகக் கூட்டிவிடும். எந்தப் பாட்டில் அதைத் தாங்கும், எது தாங்காது, எதை இந்த வாரமே திறக்க வேண்டும் என்று யோசித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. எத்தனை பாட்டில் இருக்கிறது என்பதே தெரியாது. வேலையில் ஒரு மாத்திரை அட்டையைக் காட்டினால் எந்தத் தட்டு, எந்த மாதம் காலாவதி என்று சொல்லிவிடுவேன். வீட்டில் மட்டும் ஏன் இப்படி விட்டேன் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அடுத்த மாதமே, வீட்டில் இருக்கும் ஒயினைக் கணக்கு வைக்க உதவும் இணையதளமான செல்லர்ட்ராக்கரில் கணக்கு தொடங்கினேன். இது ஆறு வருடம் தினசரி புழங்கிய பிறகு எழுதுகிற விமர்சனம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஒயின் பற்றி எழுதினாலே நம் ஆட்களில் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். எனக்கு இதில் ஈர்ப்பு வந்தது குடியால் அல்ல, பழசாவதால். கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் பழம்புளி தனி, புதுப்புளி தனி. அரிசி ஒரு வருடமாவது கிடந்தால்தான் சோறு உதிரியாக வரும் என்பாள் அம்மா. உப்பு நார்த்தங்காய் ஜாடி ஒன்று இருந்தது, காய் கறுத்து, ஓரத்தில் உப்புப் பூத்து. வயிறு சரியில்லை என்றால் அதிலிருந்து ஒரு துண்டு கிள்ளித் தருவாள். ஜாடி வாயை வெள்ளைத் துணியால் கட்டி, அந்தத் துணியில் மாதமும் வருடமும் பென்சிலால் எழுதியிருப்பாள். நாலு ஜாடி இருந்தால் எதை முதலில் எடுக்க வேண்டும் என்று யாரும் அவளைக் கேட்க வேண்டாம்.

அடிலெய்டுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் தன் வீட்டு நிலவறையைக் காட்டினார். அடிலெய்டுக்குப் பக்கத்தில், ஒயினுக்குப் பேர்போன பரோசா பள்ளத்தாக்கில் பிறந்தவர். 1840களில் சைலீசியாவிலிருந்து வந்து அங்கே குடியேறிய ஜெர்மன் லுத்தரன் குடும்பங்களில் ஒன்று அவருடையது. படுக்க வைத்த பாட்டில்கள் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சின்னக் காகித அட்டை தொங்கியது. அட்டையில் வருடம், எப்போது திறக்கலாம் என்று இரண்டு எண்கள். எனக்கு அம்மாவின் ஜாடித் துணிதான் நினைவுக்கு வந்தது. அன்று அவர் ஊற்றிக் கொடுத்த 1996 ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் கால் கிளாஸ்கூட இருக்காது. இளசான ஷிராஸ் நாக்கைக் கவ்வும், இது கவ்வவில்லை. துவர்ப்பெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து கனமாகி வண்டலாகப் பாட்டிலின் அடியில் இறங்கிவிட்டது என்று காட்டினார். கருஞ்சிவப்பு போய் ஓரத்தில் செங்கல் நிறம். வருடங்கள் ஒரு பொருளுக்குள் போய் என்ன செய்யும் என்பதை அப்படிக் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மகள் 2010இல் பிறந்தாள். பரோசாவில் 2010 நல்ல வருடம். அடுத்த 2011 மழையும் குளிருமாகத் தோட்டக்காரர்களைப் படாதபாடு படுத்தியது. இங்கே பிள்ளை பிறந்த வருடத்து ஒயினை வாங்கி வைத்து, பதினெட்டு வயதானதும் திறக்கும் வழக்கம் உண்டு. 2013இல் ஆறு பாட்டில் 2010 ஷிராஸ் வாங்கினேன். அதுதான் தொடக்கம். பிறகு கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங், ஹன்டர் பள்ளத்தாக்கு செமியோன் என்று வெள்ளை ஒயின்கள், போகிற இடத்தில் எல்லாம் ஒன்றிரண்டு என்று சேர்ந்துவிட்டது.

கணக்கு வைக்க முயலவில்லை என்றில்லை. ஒரு கைபேசிச் செயலியில் மூன்று வருடம் எழுதி வந்தேன். அழகான செயலி, லேபிள் படங்கள் எல்லாம் பளிச்சென்று வரும். ஆனால் எந்தப் பாட்டில் எந்த அடுக்கில் இருக்கிறது என்று எழுத அதில் வழியில்லை. 2017 தீபாவளிக்கு நண்பர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். என் கணவர் அலமாரியில் கைக்கு வந்த சிவப்பு ஒயினை எடுத்துத் திறந்துவிட்டார். மட்டன் பிரியாணியோடு எல்லோரும் ஆளுக்கொரு கிளாஸ். நான் வெளியே வந்து மேஜையைப் பார்த்தபோது பாட்டில் காலி. மகள் வருடத்தில் ஒன்று போய்விட்டது. "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி. அவருக்குத் தெரியும்படி நான் எதையும் எழுதி வைக்கவில்லை.

அடுத்த வருடம் அந்தச் செயலியே நின்றுபோயிற்று. எழுதியதை வெளியே எடுக்க ஏற்பாடு எதுவும் இல்லாததால் மூன்று வருடக் குறிப்பும் போயிற்று. அதனால் செல்லர்ட்ராக்கரில் நான் முதலில் தேடிப் பார்த்தது இதைத்தான்: என் கணக்கு முழுவதையும் எக்செல்லில் திறக்கும்படி இறக்கிக்கொள்ள முடியுமா? முடியும். ஒவ்வொரு மாதம் முதல் தேதி இறக்கி வைத்துக்கொள்கிறேன். எந்த மென்பொருளை நம்பி எதை எழுதப் போனாலும் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள்.

இந்தத் தளத்தை உண்டாக்கியவர் எரிக் லெவைன், மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த மென்பொருள்காரர். தன் வீட்டு ஒயினைக் கணக்கு வைக்க 2003இல் தனக்காக எழுதிய நிரல் இது. நண்பர்கள் கேட்க, 2004இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தால் அந்தப் பிறப்பு நன்றாகத் தெரியும். பாட்டில்களை வைத்துக்கொண்டு தடுமாறிய ஒருவர் யோசித்து யோசித்துச் சேர்த்த பத்திகள் இவை. படம் காட்டி மயக்குகிற வேலை கிடையாது. பழைய கடைப் பேரேடு போல வரிசை வரிசையாக எண்களும் பெயர்களும். எனக்கு இது பிடிக்கும். பளபளப்பை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதல் வாரம் கொஞ்சம் மலைப்பாக இருக்கும், ஒரு மாதத்தில் பழகிவிடும்.

முதல் பதிவுக்கு ஒரு சனி, ஞாயிறு முழுதாகப் போயிற்று. எல்லாப் பாட்டிலையும் வெளியே எடுத்து ஹாலில் பழைய பருத்திப் புடவையை விரித்துப் படுக்க வைத்தோம். மகளுக்கு அப்போது எட்டு வயது. அவள் லேபிளைப் படிப்பாள், நான் பதிவேன். 132. நான் எண்பது இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

உலகம் முழுக்க இதைப் புழங்குகிறவர்கள் ஏற்கெனவே லட்சக்கணக்கான ஒயின்களைப் பதிந்து வைத்திருப்பதால், புதிதாக எழுத வேண்டியது குறைவு. தயாரிப்பாளர் பெயரில் நாலு எழுத்து அடித்தாலே பட்டியல் வந்துவிடும். கைபேசியில் லேபிளைப் படம் பிடித்தும் தேடலாம். ஆனால் ஒன்று, வருடத்தை ஒவ்வொரு தடவையும் கண்ணால் சரிபாருங்கள். ஒரே ஒயினின் 2012 லேபிளுக்கும் 2013 லேபிளுக்கும் ஒரு எண்தான் வித்தியாசம், அதுவும் சில லேபிளில் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். மருந்தில் 5 மில்லிகிராமும் 50 மில்லிகிராமும் ஒரே நிறப் பெட்டியில் வருவது போல. நாங்கள் ஒருவர் படித்து ஒருவர் எழுதி, மறுபடி ஒருவர் சரிபார்த்தோம். வேலையில் செய்கிற முறையேதான்.

ஒவ்வொரு பதிவிலும் திராட்சை வகை, ஊர், தோட்டம் என்று தனித்தனிப் பத்தி உண்டு. தோட்டத்துக்குத் தனிப் பத்தி எதற்கு என்று முதலில் தோன்றியது. தெற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறவர்களுக்கு அது முக்கியம் என்று பிறகு புரிந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களைத் தின்று தீர்த்த ஃபில்லாக்சரா பூச்சி இந்த மாநிலத்துக்குள் வரவில்லை. அதனால் பரோசாவில் நூறு வருடம் தாண்டிய கொடிகள் இன்றும் காய்க்கின்றன. 2009இல் அங்கே கொடிகளுக்கு வயது வரிசை வகுத்தார்கள்: 35 வருடம் தாண்டினால் ஒரு பெயர், 70க்கு ஒன்று, 100க்கு ஒன்று, 125 தாண்டினால் மூதாதை என்ற பொருளில் ஒரு பெயர். என்னிடம் மூதாதைக் கொடிகளின் ஒயின் மூன்று பாட்டில் இருக்கிறது. தோட்டத்தின் பெயரை எழுதி வைத்ததால் அது எனக்குத் தெரிகிறது. இல்லையென்றால் அதுவும் கைக்கு வந்த ஒரு சிவப்பு ஒயின்தான்.

சரி, இடக்குறிப்புக்கு வருகிறேன். அலமாரிக்கு ஒரு பெயர், தட்டுக்கு ஒரு எண் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் மூன்று இடம்: 'படி', 'ஃபிரிட்ஜ்', 'சமையலறை'. படிக்குக் கீழே அடுக்குகள் அ, ஆ, இ. ஒவ்வொன்றிலும் ஆறு வரிசை. 'படி இ4' என்றால் என் கணவர் விளக்குப் போடாமலே எடுத்துவிடுவார். 2017இல் அவர் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. அந்த வெயிலுக்குப் பிறகு ஒயின் ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினோம். பெட்டியில் 46 பாட்டில் என்று போட்டிருந்தது, எங்களுக்கு 39தான் நுழைந்தது. ஃபிரிட்ஜ் செய்கிறவர்கள் பொதுவாக நேர்த்தோள் உள்ள போர்தோ வடிவப் பாட்டிலை வைத்தே கணக்குச் சொல்வார்கள். பினோ நுவார், ஷார்டொனே ஒயின்கள் தோள் சரிந்து வயிறு அகன்ற பாட்டிலில் வரும், தட்டு இடிக்கும். ரீஸ்லிங் பாட்டில் ஒல்லிதான், ஆனால் நெட்டை, கதவு மூடாது. வாங்கப் போகும்போது உங்கள் வீட்டிலிருந்து வயிறு அகன்ற பாட்டில் ஒன்றையும் நெட்டைப் பாட்டில் ஒன்றையும் கையோடு கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். திருகு மூடி போட்டவற்றைப் படுக்க வைக்க வேண்டிய அவசியம் இல்லை, கார்க்தான் ஈரமாக இருக்க வேண்டும். கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங்காரர்கள் பலர் சேர்ந்து 2000ஆம் ஆண்டு விளைச்சலிலிருந்து திருகு மூடிக்கு மாறினார்கள். அதனால் என் ரீஸ்லிங் எல்லாம் படிக்குக் கீழே, தரையை ஒட்டிய குளிர்ச்சியான மூலையில், அட்டைப் பெட்டிக்குள் நின்றுகொண்டே இருக்கிறது. கார்க் போட்டதும் விலை கூடியதும்தான் ஃபிரிட்ஜில்.

இந்தத் தளத்தில் எனக்கு உயிரானது 'எப்போது குடிப்பது' என்ற பகுதி. ஒவ்வொரு ஒயினுக்கும் தொடக்க வருடம், முடிவு வருடம் என்று இரண்டு எண். நாம் எழுதலாம், எழுதாவிட்டால் மற்ற பயனர்கள் எழுதியதன் சராசரியைக் காட்டும். இதை வைத்து, இப்போது குடிக்க ஏற்றவை என்று ஒரு பட்டியல் வரும், அவசரமானது மேலே. மருந்தகத்தில் எது முதலில் காலாவதி ஆகிறதோ அது முன்வரிசை. எது முதலில் வந்தது என்பது கணக்கில்லை. ஒயினுக்கும் அப்படித்தான். 2010 ஷிராஸ் பின்னால் நிற்கலாம், 2023 சொவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் முன்னால் வர வேண்டும். முதல் பட்டியலைப் பார்த்த அன்றே அப்படி ஒன்று கண்ணில் பட்டது. அடிலெய்டு ஹில்ஸ் சொவின்யோன் பிளாங்க், 2012. அதன் புத்துணர்ச்சி இரண்டு மூன்று வருடத்துக்குத்தான். ஏழு வருடம் கழித்துத் திறந்தோம். நிறம் மஞ்சளேறி, வாசம் செத்து, வெட்டி வைத்த ஆப்பிள் போலக் கிடந்தது. நல்ல ஒயின் அது, எவரோ ஒருவரின் ஒரு வருட உழைப்பு. என் வீட்டில் என் கண் முன்னால் தொலைந்திருந்தது. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

சராசரி எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பது மருந்தாளுநராக நான் சொல்கிற எச்சரிக்கை. அந்த எண்களை எழுதுகிறவர்களில் பலர் குளிர்ந்த நிலவறை வைத்திருப்பவர்கள். சூடு பத்து டிகிரி கூடினால் பெரும்பாலான வேதிவினைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும்; மாத்திரையை 25 டிகிரிக்குக் கீழே வை என்று அட்டையில் போட்டிருப்பதற்கும் அதுதான் காரணம். என் படிக்கட்டு அலமாரி கோடையில் சாதாரணமாகவே 22, 23 தொடுகிறது. அதனால் அங்கே இருப்பவற்றுக்கு முடிவு வருடத்தை நானே மூன்று நான்கு வருடம் முன்னால் இழுத்து எழுதிவிட்டேன். தளம் அதற்கு இடம் தருகிறது, நாம் எழுதிய எண்ணுக்கே முன்னுரிமை.

மற்றவர்கள் எழுதும் சுவைக்குறிப்புகளுக்கும் வருகிறேன். 2020இல் ஒரு கிளேர் ரீஸ்லிங் திறந்தேன், 2009 விளைச்சல். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் மண்ணெண்ணெய்! ரேஷன் கடை வரிசையில் டின்னோடு நின்ற வாசம், சந்தேகமே இல்லை. கெட்டுப்போய்விட்டது என்று கீழே ஊற்றப் போனவள், கொட்டுவதற்கு முன் பதிவைத் திறந்து பார்த்தேன். அதே ஒயினை, அதே வருடத்தை, அந்தச் சில மாதங்களில் திறந்தவர்கள் நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். எல்லோரும் அந்த வாசத்தைச் சொல்லி, அதைச் சிலாகித்திருந்தார்கள். ரீஸ்லிங் வயதாகும்போது டிடிஎன் என்ற சேர்மம் உருவாகிறது, அதன் வாசம் இது. வெயில் நிறையப் பட்ட திராட்சையில் அதிகம். கெட்டதற்கு அடையாளம் இல்லை. கொஞ்ச நேரம் காற்றாட வைத்தேன். மண்ணெண்ணெய் பின்னால் போய், எலுமிச்சைத் தோலும் நெய்யில் வறுத்த ரொட்டியும் முன்னால் வந்தன. வஞ்சிர மீனை மஞ்சள் மிளகாய் தடவி வறுத்ததோடு அந்தப் பாட்டிலை முடித்தோம். முன்பின் தெரியாத நாலு பேர் நேரம் எடுத்து எழுதியிருக்காவிட்டால் சாக்கடைக்குப் போயிருக்கும். அன்றிலிருந்து நானும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் நாலு வரியாவது எழுதுகிறேன். வேறு யாரோ ஊற்றப் போகிற கையோடு அதைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

குறிப்பு எழுதுவதில் எனக்கென்று ஒரு பிடிவாதம். பிளாக்பெர்ரி, பிளாக்கரன்ட் என்று எழுதுவதில்லை. நான் அவற்றைச் சாப்பிட்டு வளரவில்லை. நாவல்பழம், கருப்பட்டி, வறுத்த மல்லி, மழை பெய்த திண்ணை என்று என் தனிக்குறிப்பில் தமிழிலேயே எழுதுகிறேன். தனிக்குறிப்புப் பகுதி நமக்கு மட்டும் தெரிவது. பொதுக்குறிப்பை ஆங்கிலத்தில் போடுகிறேன்.

திறந்ததைப் பதிவதுதான் இந்த ஏற்பாட்டின் அச்சாணி. வாங்கியதை எல்லோரும் ஆர்வமாகப் பதிவார்கள். திறந்ததை எழுதாமல் விட்டால் மூன்று மாதத்தில் கணக்கு பொய்யாகிவிடும், பிறகு பார்க்கத் தோன்றாது. எங்கள் வீட்டுச் சட்டம்: கார்க்கை எடுக்கும் முன் கைபேசியை எடு. இருப்பிலிருந்து கழிக்கும்போது குடித்தோமா, பரிசாகக் கொடுத்தோமா, சமையலுக்கா, கெட்டுப்போனதா என்று காரணம் கேட்கும். இந்தக் காரணம் எழுதுவது பிறகு உதவும். கார்க் நாற்றம் வந்த பாட்டில்கள் எத்தனை என்று எடுத்துப் பார்த்தேன், ஆறு வருடத்தில் என் வீட்டில் நாலு. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடிக்குமே, அது. கார்க்கிலிருந்து வரும் டிசிஏ என்ற சேர்மத்தின் வேலை.

கழுத்து அட்டையையும் விடவில்லை. பாட்டில் படுத்திருந்தால் லேபிள் தெரியாது. ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தால் வண்டல் கலங்கும். வழவழப்பான வெள்ளை பிளாஸ்டிக் அட்டை, நடுவில் ஓட்டை, கழுத்தில் மாட்டிவிடலாம். ஃபிரிட்ஜ் ஈரத்துக்குக் காகிதம் ஒத்துவராது, பேனா மையும் கரையும்; அழியாத மார்க்கர்தான் சரி. பெயர், வருடம், முடிவு வருடம் மட்டும் எழுதினால் போதும். தளத்திலேயே பாட்டிலுக்கு ஒரு பார்கோடு என்று அச்சடித்து ஒட்டும் வசதி இருக்கிறது. ஐநூறு, ஆயிரம் வைத்திருப்பவர்களுக்கு அது தேவைப்படலாம், நமக்கு அட்டையே தாராளம்.

செலவைக் கேட்பீர்கள். இலவசமாகவே புழங்கலாம். விருப்பப்பட்டுச் சந்தா கட்டினால் பாட்டில்களின் சந்தை மதிப்பு தானாக வரும், இன்னும் சில வசதிகள் உண்டு. நான் இரண்டாம் வருடத்திலிருந்து கட்டுகிறேன். வீட்டுப் பொருள் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது பட்டியலும் மதிப்பும் ஒரே கோப்பாகக் கைவசம் இருந்தது உதவியாக இருந்தது. அந்த மதிப்பை விற்கிற விலை என்று நினைத்துவிட வேண்டாம், ஏலத்தில் கழிவு போகும். கடையில் தட்டின் முன்னால் நின்றுகொண்டு இதை வாங்கலாமா என்று பார்க்க என் மகள் சொல்வது போல விவினோ சுலபம். டென்மார்க்கில் 2010இல் தொடங்கியது, லேபிளைப் படம் பிடித்தால் ஜனங்கள் கொடுத்த மதிப்பெண் வந்துவிடும். நானும் கடையில் அதைத்தான் பார்க்கிறேன். வீட்டுக்குள் வந்துவிட்டால் செல்லர்ட்ராக்கர். இருபது பாட்டிலுக்குக் கீழே வைத்திருப்பவர்களுக்கு இரண்டுமே வேண்டாம், ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் போன வருடம் மார்ச்சில் காலமானார். இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி கூப்பிட்டனுப்பினார். கீழே என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், ஒரு கணக்கு எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். நானும் மகளும் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனோம். 94 பாட்டில். கழுத்து அட்டைகள் எல்லாம் அப்படியே இருந்தன, அவர் கையெழுத்தில். கூடவே நீல அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு இரண்டு. திறந்த ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு வரி: தேதி, ஒயின், அதில் மீதி எத்தனை, யாரோடு. சுவை பற்றி ஒரு சொல்கூட இல்லை. யாரோடு என்ற பத்தி மட்டும் எந்த வரியிலும் விடுபடவில்லை. எங்கள் பெயர் ஏழு இடத்தில் இருந்தது. கிளாஸில் கால் பங்கு ஊற்றித் தந்த அந்த முதல் நாளும் இருந்தது.

அவர் மனைவி பெயரில் புதுக் கணக்கு திறந்து, ஒவ்வொன்றாகப் பதிந்தோம். நோட்டில் இருந்ததைத் தனிக்குறிப்பில் எழுத்து மாறாமல் ஏற்றினோம். மகள் தட்டச்சுச் செய்தாள், நான் சரிபார்த்தேன். முடிவில் ஒரு பாட்டில் இடித்தது. 1998 ஷிராஸ், நோட்டுப்படி இருப்பு இரண்டு. அடுக்கில் ஒன்றுதான் இருந்தது. மேலும் கீழும் தேடினோம், பெட்டிகளைப் பிரித்தோம். முப்பது வருடத்தில் ஒரு வரிகூட விடாதவர் எப்படி ஒன்றை விட்டார் என்று எனக்கு மனசே ஆறவில்லை. கழிக்கும் காரணத்தில் 'காணவில்லை' என்று ஒரு வகை உண்டு. மகள் அதை அழுத்தப் போனாள்.

தேநீர் கொண்டுவந்த அந்த அம்மா திரையைக் குனிந்து பார்த்தார். எது என்று கேட்டார். சொன்னேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்குத் திறந்தார்களாம். அவருக்கு எழுதக் கை வரவில்லை, தனக்கு எழுதத் தோன்றவில்லை என்றார். இரண்டு பேரும் பாதிகூடக் குடிக்கவில்லையாம்.

மகள் காரணத்தை மாற்றி, 'குடித்தது' என்று போட்டாள். தேதியைக் கேட்டு எழுதினாள். பிறகு, "யாரோடுன்னு எழுதணும்மா, தாத்தா எல்லாத்துக்கும் எழுதியிருக்காரே" என்றாள். அந்த அம்மாவிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் தன் பெயரைச் சொன்னார். மகள் எழுத்துக்கூட்டிக் கேட்டு, அதை அடித்துச் சேமித்தாள்.

எங்கள் வீட்டில் இன்றைய இருப்பு 118. 2010 ஷிராஸ் நாலு, ஃபிரிட்ஜில் மேல்தட்டு; ஐந்தில் ஒன்றை 2022இல் திறந்து பார்த்தோம், இன்னும் நாக்கைக் கொஞ்சம் கவ்வுகிறது. தொடக்க வருடம் 2028 என்று எழுதியிருக்கிறேன்.